கிளாரினெட்டுக்கு எழுதியதை வயோலாவில் வாசிக்க: எதை முதலில், எதைப் பிறகு

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ், கிளாரினெட்டும் பியானோவும் சேர்ந்து வாசிக்க எழுதிய சொனாட்டாவை, வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வயோலாவில் எடுக்க ஆசைப்பட்டு வருகிறவர்களில் பலர் முதல் நாளே பென்சிலை எடுத்து விரல் எண் போடத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து, ஒரு வரி முடியும் முன்பே வில் முடிந்துவிடும். வில்லை மாற்றினால் விரலும் மாறும். பியானோவோடு சேரும் அன்று ஸ்தாயியும் பொருந்தவில்லை என்று தெரியவரும். மறுபடி எல்லாவற்றையும் அழிப்பார்கள். அழித்து அழித்தே தாளில் ஓட்டை விழுந்த பிரதி ஒன்றைக்கூட என் கையில் தந்திருக்கிறார்கள்.

திருகோணமலையில் வயோலாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயலினில் இருந்து வருகிறார்கள், அதிலும் பலர் கர்நாடக வயலினில் தொடங்கியவர்கள். அவர்கள் தடுமாறும் இடங்களைப் பார்த்துப் பார்த்து நான் பிடித்துக்கொண்ட வரிசை இது: சரியான பிரதி, மூச்சு, ஸ்தாயி, வில், அதற்குப் பிறகே விரல். பியானோ கடைசியில் வரும், ஆனால் அதன் நோட்ஸ் முதல் நாளிலிருந்தே மேசையில் இருக்க வேண்டும்.

1. எந்தப் படைப்பில் தொடங்குவது

பிராம்ஸ் 1894இல் எழுதிய ஓபஸ் (படைப்பு எண்) 120 சொனாட்டாக்கள் இரண்டில் தொடங்குங்கள். முதலாவது எஃப் மைனர், இரண்டாவது ஈ பிளாட் மேஜர். இவற்றின் வயோலாப் பகுதியை, அதாவது வயோலாக்காரர் பார்த்து வாசிக்கும் தாளை, பிராம்ஸே தயாரித்தார், 1895இல் அச்சிலும் வந்துவிட்டது. ஒரு கிளாரினெட் வரியை வயோலாவுக்கு எப்படித் திருப்புவது என்று எழுதியவரிடமே கற்கலாம் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

முழு சொனாட்டாவை எடுக்காதீர்கள். முதல் சொனாட்டாவின் இரண்டாம் பகுதி (மூவ்மென்ட்) ஒன்று போதும். ஏ பிளாட் மேஜரில் மெதுவாகப் போவது, பாட்டு மாதிரி. மூச்சும் வில்லும் பற்றிய பாடம் முழுக்க அதில் இருக்கிறது, வேகத்தின் தொல்லை இல்லை.

அடுத்ததாக ஷூமனின் ஓபஸ் 73, 1849இல் எழுதிய மூன்று கற்பனைத் துண்டுகள். இது ஏ கிளாரினெட்டுக்கு எழுதியது. வயலினிலோ செல்லோவிலோ வாசிக்கலாம் என்று அச்சிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். வயோலாக்காரர்களும் காலங்காலமாக வாசிக்கிறார்கள். மூன்று துண்டுகளையும் இடைவிடாமல் வாசிக்க வேண்டும், ஆகவே கை களைக்காமல் இருக்கப் பழகிய பிறகு எடுங்கள்.

ஷூமனின் ஓபஸ் 132, புரூக்கின் ஓபஸ் 83 இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கிளாரினெட், வயோலா, பியானோ என்று மூன்றும் சேரும் படைப்புகள் அவை. வயோலாவுக்குச் சொந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது. கிளாரினெட் வாசிக்க ஆள் இல்லை என்றால் அந்த இடத்துக்கு வயலினை அழையுங்கள். இரண்டு வயோலாவை வைத்தால் யார் எதை வாசிக்கிறார்கள் என்று கேட்கிறவருக்குப் பிரித்தறிய முடியாது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உண்மையான வயோலா வேண்டும். வயலினில் வயோலாத் தந்தி போட்டுச் சமாளிப்பவர்களைப் பார்க்கிறேன். பயிற்சிக்குப் பரவாயில்லை, ஆனால் நான்கு தந்திகளில் மிகத் தாழ்ந்ததான சி தந்தி தொளதொளவென்று பேசும். இந்த இசையின் பாதி அழகு சி தந்தியில்தான் இருக்கிறது. கைக்கு எட்டினால் பதினைந்தரை, பதினாறு அங்குல உடல் நல்லது.

தரையில் சம்மணமிட்டு, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசித்துப் பழகியவர்கள் இதற்கு மட்டும் நாற்காலிக்கு வாருங்கள், அல்லது நின்று வாசியுங்கள். நோட்ஸ் ஸ்டாண்டையும் பியானோக்காரரையும் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். சி தந்திக்குப் போகும்போது வலது முழங்கை நன்றாக உயர இடமும் வேண்டும்.

எங்கள் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுங்கள். மாரியில் பிரடைகள் (தந்தியை முறுக்கும் ஆணிகள்) ஊறி இறுகிப்போகும், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து அவை வழுகும். டச்சுக் குடா பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் இது இன்னும் மோசம். வழுகும் பிரடைகளுக்குக் கொஞ்சம் சாதாரணச் சோக்கட்டித் தூள் போதும். வில்லின் மயிர் ஈரத்தில் நீண்டுவிடும் என்பதால் வாசித்து முடித்ததும் தளர்த்தி வையுங்கள். நேற்று எத்தனை சுற்று முறுக்கினோம் என்ற கணக்கை நம்பாமல் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்த்து முறுக்குங்கள். அப்புறம், மின்விசிறிக்குக் கீழே வாசிப்பதென்றால் தாளைப் பிடிக்க நான்கு துணிக் கிளிப்.

3. சரியான பகுதியைத் தேர்ந்தெடுப்பது

அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. ஒரு முறை என் மாணவர் ஒருவர் எஃப் மைனர் சொனாட்டாவை ஒரு மாதம் பழகிவிட்டு வந்தார். பியானோ நான்கு அளவுகள் (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டங்கள்) தனியாக வாசித்தது, ஐந்தாவதில் இவர் நுழைந்தார், இரண்டும் முட்டின. அவர் அச்செடுத்திருந்தது கிளாரினெட் பகுதி. ஒரு மாத உழைப்பும் ஒரு முழுச்சுரம் (இரண்டு அரைச்சுரம்) மேலே இருந்தது.

காரணம் இதுதான். பி பிளாட் கிளாரினெட்டில் சி என்று எழுதியதை வாசித்தால் பி பிளாட் கேட்கும். அதனால் அந்தப் பகுதியை எப்போதும் ஒரு முழுச்சுரம் உயர்த்தியே எழுதுவார்கள். ஏ கிளாரினெட் என்றால் மூன்று அரைச்சுரம் உயர்த்தி எழுதுவார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பியானோப் பிரதியில் தொடக்கத்தில் எத்தனை பிளாட் (சுரத்தை அரைச்சுரம் இறக்கும் குறி) என்று எண்ணுங்கள். எஃப் மைனர் சொனாட்டாவில் நான்கு. உங்கள் தாளிலும் நான்கு இருந்தால் சரி, இரண்டுதான் இருந்தால் அது கிளாரினெட் பகுதி. ஈ பிளாட் சொனாட்டாவில் மூன்று இருக்க வேண்டும், கிளாரினெட் தாளில் ஒன்றே இருக்கும். ஷூமனின் முதல் துண்டில் பியானோவுக்கு ஒரு பிளாட்டும் இல்லை, ஏ கிளாரினெட் தாளில் மூன்று இருக்கும்.

இன்னொரு பொறி. ஓபஸ் 120க்கு பிராம்ஸ் வயலின் வடிவமும் செய்தார், அதற்காகப் பியானோப் பகுதியையும் மாற்றினார். இணையத்தில் இலவசமாக எடுக்கும்போது வயலின் வடிவத்தின் பியானோவும் வயோலாத் தாளும் கலந்துவிடலாம். பியானோப் பிரதியின் மேல்வரியில் எந்த வாத்தியம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அச்செடுங்கள்.

கிளாரினெட் பகுதியை எறிந்துவிடாதீர்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

4. வயோலாவைத் தொடாமல் மூச்சைக் குறிப்பது

கிளாரினெட் தாளை எடுத்து, முழு வரியையும் வாயால் பாடுங்கள். சுரம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, நீளம் சரியாக இருக்கட்டும். எங்கே மூச்சு எடுக்காமல் முடியவில்லையோ அங்கே ஒரு காற்புள்ளி போடுங்கள். பிறகு அதே காற்புள்ளிகளை வயோலாத் தாளுக்கு மாற்றுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்றால், இந்த மெட்டுகள் ஒரு மனிதனின் ஒரு மூச்சு அளவுக்கு எழுதப்பட்டவை. வில்லுக்கு மூச்சு தேவையில்லை, திருப்பித் திருப்பி இழுத்தால் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதனால் வயோலாக்காரர் மூச்சு விட வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிவிடுகிறார். மூச்சே இல்லாத இடத்தில் வில் முடிந்து, திரும்பும் சத்தம் கேட்கிறது. இரண்டுமே தலைகீழ். காற்புள்ளியில் சத்தம் உண்மையாகவே நிற்க வேண்டும், அரைக் கணம் போதும். அதற்கு நடுவில் எத்தனை தடவை வில் திரும்பினாலும் காதுக்குத் தெரியக் கூடாது.

வளைகோடுகளைப் படிப்பதிலும் ஒரு கவனம். கிளாரினெட் தாளில் வளைகோடு என்றால் அதற்குள் நாக்கு தட்டாது என்று பொருள். வயோலாத் தாளில் அதே கோட்டைப் பார்த்ததும் ஒரே வில் என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எங்கே கோடு வேறுபடுகிறதோ அங்கே நீங்கள் முடிவெடுக்க வேண்டிய இடம் இருக்கிறது.

கேட்டும் பழகுங்கள். கிளாரினெட் என்றதும் நம் காதில் ஏ.கே.சி. நடராஜனின் கர்நாடகக் கிளாரினெட் ஒலிக்கும். அந்தக் குழைவும் கமகமும் இங்கே வராது. சுரத்திலிருந்து சுரத்துக்கு நேராகப் போகும் கிளாரினெட்டை நாலு நாள் கேட்டபிறகு பாடினால் காற்புள்ளிகள் தாமாக இடம் மாறும்.

5. ஸ்தாயியை முடிவு செய்வது

கீழ்ப்பக்கத்தில் சிக்கல் இல்லை. பி பிளாட் கிளாரினெட்டில் கேட்கும் அடிச்சுரம் டி. வயோலாவின் சி தந்தியில் முதல் விரல் விழும் இடம் அதுவே. ஏ கிளாரினெட்டுக்கு அதற்கும் அரைச்சுரம் கீழே, அதுவும் திறந்த சி தந்திக்கு மேலேதான் இருக்கிறது. ஆக எதையும் கீழே தவறவிட மாட்டீர்கள்.

மேல்பக்கம்தான் கேள்வி. கிளாரினெட் உயரத்தில் சிரமமின்றிப் பாடும். வயோலா அங்கே குரலை இறுக்கிக்கொள்ளும். பிராம்ஸ் பல இடங்களில் வரியை ஒரு ஸ்தாயி இறக்கியிருக்கிறார், சில இடங்களில் இரட்டைச் சுரமும் சேர்த்திருக்கிறார்.

முதல் மாதம் அவர் எழுதியபடியே வாசியுங்கள். பிறகு இரண்டு வகை இடங்களில் மட்டும் கிளாரினெட்டின் உயரத்துக்குத் திரும்புவது பற்றி யோசியுங்கள். ஒன்று, இறக்கிய வரி பியானோவின் வலக்கையோடு ஒரே உயரத்தில் மாட்டி மறைந்துபோகும் இடம். மற்றது, ஏறிக்கொண்டிருந்த மெட்டு நடுவில் பொத்தென்று கீழே விழும் இடம். திரும்புவதென்றால் காற்புள்ளியிலிருந்து காற்புள்ளி வரை முழு மூச்சையும் ஏற்றுங்கள். இரண்டு அளவை மட்டும் தூக்கினால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரியும்.

எல்லாவற்றையும் மூல உயரத்துக்கு ஏற்றிவிட்டால் கெட்டித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இறக்கிய இடங்களில் வயோலாவுக்குக் கிடைக்கும் அந்த அடர்ந்த குரல் கிளாரினெட்டில் இல்லாத ஒன்று, அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

6. வில்

இப்போதுதான் வாத்தியத்தை எடுக்கிறோம். இந்தப் படியில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் செலவாகும்.

முதலில் ஒன்றுமில்லாததிலிருந்து சத்தத்தைத் தொடங்கப் பழகுங்கள். கிளாரினெட்காரர் மௌனத்துக்குள்ளிருந்தே ஒரு சுரத்தைக் கொண்டுவருவார், எப்போது தொடங்கியது என்று தெரியாது. வில்லின் நுனியைத் தந்தியில் வையுங்கள், மயிரைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு விளிம்பு மட்டும் படும்படி. நுனியில் எடை குறைவு, அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறோம். நிமிடத்துக்கு 60 தட்டில் மெட்ரோனோமை வைத்து, எட்டுத் தட்டுக்கு மேல்வில் (நுனியிலிருந்து பிடிப்பக்கம்), எட்டுக்குக் கீழ்வில் (திரும்ப நுனிக்கு). முதல் இரண்டு தட்டில் தந்தி அதிர்வதை விரல் உணர வேண்டும், காது உணரக் கூடாது. இது வந்தபிறகு பத்து, பன்னிரண்டு என்று நீட்டுங்கள்.

கர்நாடக வயலினில் நன்றாக வாசிக்கும் ஒரு பிள்ளை ஏ பிளாட் பகுதியை எடுத்தபோது ஒரு இடத்தில் கையை இறக்கிவிட்டு, "வில் முடிஞ்சிட்டுது சேர், பாட்டு முடியேல்லை" என்றாள்.

"முடியட்டும் பிள்ளை. தொடங்கேக்க எவ்வளவு வில் செலவழிச்சனீர்?"

பார்த்தால் முதல் சுரத்துக்கே பாதி வில் போயிருந்தது. முதல் சுரம் நீளமானது, ஆனால் மெல்லியது. மெட்டு பெருகும் இடம் மூன்றாம் அளவில் இருக்கிறது, அங்கே செலவழிக்க அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை. வில்லின் தடியில் இரண்டு சின்ன ஒட்டுத்தாள் ஒட்டி, முதல் சுரம் இந்த அடையாளத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தோம். மூன்று நாளில் அந்த மூச்சு முழுவதும் இரண்டே வில்லில் அடங்கியது. திரும்பும் இடத்தைப் பலமான தாளத்தட்டில் வைக்காமல் அதற்கு முந்திய பலவீனமான சுரத்தில் வைத்தோம், காது அங்கே கவனிக்காது.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். கிளாரினெட்டின் கீழ்க்குரல் உள்ளே குடைந்த மாதிரிக் கேட்கும். அந்தக் குழாயில் ஒற்றைப்படை மேற்சுரங்கள்தான் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிப்பவை) பலமாக எழும், அதனால் அப்படி. வயோலாவில் இதற்கு நெருங்க, வில்லைக் குதிரையிலிருந்து (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) விலக்கி விரல்பலகை முடியும் இடத்துக்குக் கொண்டுபோய், எடை குறைத்து, கொஞ்சம் வேகமாக இழுங்கள். இடக்கை அதிர்வையும் ஒடுக்குங்கள். மெல்லிய இடங்களுக்கு மட்டும் இது. முழுப் படைப்பையும் இப்படியே வாசித்தால் பியானோ உங்களை விழுங்கிவிடும்.

குட்டைச் சுரங்களை வில் துள்ளி வாசிக்க வேண்டாம். நாக்கால் தட்டும் சுரத்தில் தொடக்கம் தெளிவாக இருக்கும், ஆனால் உள்ளே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். "து து" என்று வாயால் சொல்லிப் பாருங்கள், அதே மாதிரி வில்லைத் தந்தியில் இருந்து எடுக்காமல் சின்னதாக நிறுத்துங்கள்.

7. விரல்

மூச்சும் ஸ்தாயியும் வில்லும் முடிவான பிறகு விரலுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்காது.

கர்நாடக வயலினிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே ஒரு அதிர்ச்சி உண்டு. உங்கள் ஸ இவ்வளவு காலமும் திறந்த தந்தியில் இருந்தது. எஃப் மைனரில் அது சி தந்தியில் மூன்றாம் விரலில் இருக்கிறது, ஏ பிளாட்டில் ஜி தந்தியின் தாழ்ந்த முதல் விரலில். மேல் இரண்டு திறந்த தந்திகளான டியும் ஏயும் இந்த இரண்டு சுருதியிலும் இல்லவே இல்லை. கை அரைச்சுரம் பின்னால் உட்கார வேண்டும்.

தெரிந்ததை வைத்தே பழகுங்கள். எஃப்பை ஸ ஆக வைத்துக் கீரவாணியும் நடபைரவியும், ஏ பிளாட்டை ஸ ஆக வைத்துச் சங்கராபரணமும் ஆரோகண அவரோகணம் மட்டும் இரண்டு ஸ்தாயிக்கு வாசியுங்கள். பத்து நாளில் கை இடத்தைப் பிடித்துவிடும். கமகம் வேண்டாம். நீண்ட சுரத்தில் விரல் தானாக அசையத் தொடங்கினால் அந்தச் சுரத்தில் வில்லை மட்டும் கவனியுங்கள், விரல் அடங்கிவிடும்.

பெரிய தாவல்களுக்கு ஒரு விதி. கிளாரினெட் மேலிருந்து அடிக்குப் பாயும்போது நடுவில் எதுவும் கேட்காது. வயோலாவில் விரல் வழுக்கினால் இழுவை கேட்கும். ஆகவே தாவலைத் தந்தி மாற்றத்தால் எடுங்கள், இடமாற்றத்தைத் தாவலுக்கு முன்பே ஒரு சின்னச் சுரத்தில் முடித்துவிடுங்கள். முழங்கை தந்திக்கு முந்திப் போக வேண்டும்.

8. பியானோவோடு சேரும் நாள்

சுருதி சேர்ப்பதில் ஒரு நுணுக்கம். ஏயைப் பியானோவில் வாங்கி, மற்றத் தந்திகளைச் சுத்தமான ஸ-ப ஆகக் கீழே சேர்த்துக்கொண்டு போனால், சி தந்தி பியானோவின் சியைவிடச் சுமார் 6 சென்ட் தாழ்ந்து நிற்கும். ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட். 6 சின்னது என்று தோன்றும், ஆனால் எஃப் மைனரில் சிதான் ப. நீண்டு நிற்கும்போது கடிக்கும். ஏயையும் சியையும் பியானோவிலிருந்தே வாங்குங்கள், ஜியையும் டியையும் இடையில் பங்கிட்டு வையுங்கள்.

பியானோ இல்லாமல் கீபோர்டு என்றால் டிரான்ஸ்போஸ் பொத்தானை முதலில் பாருங்கள். பாடகருக்காக யாராவது மாற்றிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். ஒரு மாலை முழுக்க என் விரல்தான் பிழை என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பியானோ மூடியைக் குட்டைக் கோலில் வையுங்கள். முதல் ஒத்திகையில் பியானோக்காரர் இடக்கையை மட்டும் வாசிக்கட்டும், நீங்கள் மேலே வாசியுங்கள். வயோலாவின் நடுக்குரலும் பியானோவின் இடக்கையும் எங்கே ஒன்றையொன்று மறைக்கின்றன என்பது அப்போது பட்டவர்த்தனமாகத் தெரியும். அந்த இடங்களைக் குறித்துவிட்டு இரண்டு கையும் சேருங்கள். உங்கள் காற்புள்ளிகளை அவருடைய பிரதியிலும் எழுதிக் கொடுங்கள், அவரும் உங்களோடு மூச்சு விடட்டும்.

9. ட்ரையோ, குவின்டெட் வந்தால்

பிராம்ஸின் 1891ஆம் ஆண்டுப் படைப்புகள் இரண்டு, ஓபஸ் 114 ட்ரையோவும் (மூவர் வாசிப்பது) ஓபஸ் 115 குவின்டெட்டும் (ஐவர் வாசிப்பது), வயோலாவில் வாசிக்கலாம் என்ற குறிப்போடு அச்சில் வந்தவை. இரண்டும் ஏ கிளாரினெட்டுக்கு, ஆக மூன்றாம் படியில் சொன்ன பிளாட் கணக்கை மறக்காதீர்கள்.

ட்ரையோவில் பக்கத்தில் செல்லோ இருக்கும். கிளாரினெட் என்றால் நிறத்தாலேயே பிரிந்து கேட்கும், வயோலா என்றால் இரண்டு தந்தி வாத்தியமும் ஒன்றாகக் கரையும். இருவரும் ஒரே உயரத்தில் வரும் இடங்களில் மெட்டு யாரிடம் என்று பேசி வைத்து, மற்றவர் இடக்கை அதிர்வை நிறுத்திவிடுங்கள்.

குவின்டெட்டில் இரண்டு வயலின், இரண்டு வயோலா, ஒரு செல்லோ என்றாகிவிடும். கிளாரினெட் இடத்தில் இருப்பவர் மற்ற வயோலாவுக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிர்ப்பக்கம் முதல் வயலினுக்கு நேரே உட்காரட்டும். மெதுவான இரண்டாம் பகுதியில் நான்கு தந்தி வாத்தியங்களுக்கும் மியூட் (ஒலியை அடக்கக் குதிரையில் மாட்டும் துண்டு) போடச் சொல்லியிருக்கும். கிளாரினெட்டுக்கு மியூட் கிடையாது. ஆகவே நீங்களும் போடாதீர்கள். மூடிய குரல்களுக்கு மேலே ஒரு திறந்த குரல் பாடுவதாகத்தான் அந்தப் பகுதி எழுதப்பட்டிருக்கிறது. மியூட் இல்லாமலே மெல்லியதாக வாசிக்க ஆறாம் படியின் நுனிவில் பயிற்சி கைகொடுக்கும்.